தீவின் கிழவர்களுக்கு ஏன் வரவில்லை

1846ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, ஃபாரோ தீவுகளில் சோர்னுவீக் என்ற கடலோரக் கிராமத்திலிருந்து பத்துப் பேர் ஒரு படகில் வெஸ்ட்மன்னா துறைக்குப் போனார்கள். அங்கே திமிங்கிலக் கூட்டம் ஒன்றைக் கரையோரமாக வளைத்திருந்தார்கள். திமிங்கிலம் வந்துவிட்டது என்று சேதி கிடைத்தால் அந்தத் தீவுகளில் ஆண்கள் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் படகெடுப்பார்கள். குளிர்காலத்துக்கான இறைச்சியும் கொழுப்பும் அதில்தான் கிடைக்கும். வேட்டை முடிந்து பத்துப் பேரும் ஊர் திரும்பினார்கள். ஜூன் 18ஆம் தேதி பத்துப் பேர் உடம்பிலும் தட்டம்மை வெளியே தெரிந்தது.

இதை எழுதி வைத்தவர் பீட்டர் லுட்விக் பானும். டென்மார்க் அரசு அந்தக் கொள்ளைநோயைப் பார்த்துவர அனுப்பிய இரண்டு மருத்துவர்களில் ஒருவர். படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார், வயது 25. நோய்க்கிருமி என்ற கருத்தே மருத்துவ உலகில் இன்னும் நிலைபெறாத காலம். கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று பெரிய பேராசிரியர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். பானும் படகிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாகப் போனார். வீட்டுக்காரர்களிடம் அவர் கேட்ட கேள்விகள் எளிமையானவை: யார் முதலில் படுத்தது? அதற்கு முன் எந்த ஊருக்குப் போனார்? அங்கே யாரைப் பார்த்தார்? வெளியாள் ஒருவர் வந்து போவதே பெரிய சேதியாக இருந்த ஊர்கள் என்பதால் மக்களுக்குத் தேதி மறக்கவில்லை. தொற்றிய நாளிலிருந்து பதின்மூன்று, பதினான்கு நாளில் தடிப்பு வெளியே வரும் என்ற கணக்கு அப்படித்தான் உலகத்துக்குக் கிடைத்தது. இன்றும் மருத்துவர்களாகிய நாங்கள் அந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறோம்.

நோயைக் கொண்டுவந்தவர் கோபன்ஹேகனிலிருந்து மார்ச் கடைசியில் டோர்ஸ்ஹவ்ன் வந்து இறங்கிய ஒரு தச்சர். கப்பலேறும் முன் அங்கே தட்டம்மை கண்டவர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சில மாதங்களில், ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாடு கறக்கவும் அடுப்பு மூட்டவும் ஆளில்லாத வீடுகள் இருந்தன.

படுக்காமல் நடமாடியவர்களைப் பார்த்ததுதான் பானுமின் பெருமை. அதற்கு முன் தட்டம்மை அந்தத் தீவுகளுக்கு வந்தது 1781இல். நடுவில் 65 ஆண்டுகள் எட்டிப் பார்க்கவே இல்லை. 1781இல் சிறுவர்களாக இருந்து தட்டம்மை கண்டு பிழைத்தவர்களில் 98 பேரை 1846இல் பானும் தானே நேரில் பார்த்தார். அவர் விசாரித்த அளவில் அவர்களில் ஒருவருக்குக்கூட மறுமுறை வரவில்லை. 1781இல் எப்படியோ தப்பியிருந்த கிழவர்களுக்கோ 1846இல் வந்தது. ஆக, காத்தது முதுமை அல்ல. எழுபது வயது அண்ணன் அடுப்பை மூட்டிக்கொண்டிருக்க, 1782இல் பிறந்த தம்பி 64 வயதில் காய்ச்சலோடு கிடந்த வீடுகள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒரே கூரை, ஒரே ரத்தம், ஒரே முதுமை. ஒருவருடைய உடம்பு அந்த வைரஸைப் பார்த்திருந்தது, மற்றவருடையது பார்க்கவில்லை. இறப்பில் கைக்குழந்தைகளுக்கு அடுத்து அடி விழுந்தது ஐம்பதைக் கடந்த, முன்பு தட்டம்மை காணாதவர்கள் மேல்.

நான் சங்கரன்கோவில் பக்கம் நெடுங்காலமாகப் பொதுமருத்துவம் பார்க்கிறவள். ஆய்வுக்கூடம் எதையும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் பானுமின் அறிக்கையைப் போல என் தொழிலுக்கு நெருக்கமான இன்னொரு பழைய எழுத்து இல்லை. வயதானவர் ஒருவர் காய்ச்சலோடு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது வயதை. பானும் கேட்டது அந்த வயது எதையெல்லாம் பார்த்து வந்தது என்பதை.

உடம்பின் நினைவு 65 ஆண்டு நிற்குமா என்று சந்தேகம் வரலாம். 2008இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 1918 இன்ஃபுளுயன்சாவைக் குழந்தைப் பருவத்தில் பார்த்தவர்கள் 32 பேர், எல்லாரும் தொண்ணூறைக் கடந்தவர்கள், ரத்தம் கொடுத்தார்கள். தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த வைரஸைக் கட்டிப்போடும் எதிர்ப்புப் புரதம் அவர்கள் ரத்தத்தில் இருந்தது. சிலரிடமிருந்து அதைத் தயாரிக்கும் செல்களையே பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 2009இல், பன்றிக் காய்ச்சல் என்று நாம் பயந்த இன்ஃபுளுயன்சா வந்தபோது, அறுபதைக் கடந்தவர்களுக்கு எதிர்பார்த்த அளவு தொற்றவில்லை. 1957க்கு முன்பு சுற்றிக்கொண்டிருந்த அதன் பழைய உறவுக்கார வைரஸை அவர்கள் சிறு வயதில் பார்த்திருந்தார்கள்.

அப்படியென்றால் 2020இல் என்ன நடந்தது? ஊரடங்கு தொடங்கிய மாதம் என் கிளினிக்குக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த ஒரு தாத்தாவின் முகம் நினைவிருக்கிறது. முகமெல்லாம் பெரியம்மைத் தழும்பு. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கி விட்டுக்கொண்டு, "நாங்க பாக்காத அம்மையா, நாங்க பாக்காத காலராவா? இது என்ன செஞ்சிரும் டாக்டரம்மா?" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. பெரியம்மை திரும்ப வந்திருந்தால் அந்த அறையில் மிகப் பாதுகாப்பாக இருந்தவர் அவர்தான். ஆனால் வந்த கொரோனா அவர் உடம்பு இதுவரை பார்த்திராத ஒன்று. அவருடைய எண்பது வருஷ அனுபவத்துக்கு அதனிடம் மதிப்பில்லை. இரண்டாவது அலையில் அவர் போய்விட்டார்.

புதிய வைரஸ் ஒன்றை எதிர்கொள்ள, இதுவரை எதையும் சந்திக்காத டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் வேண்டும். அவை முதிர்வது மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில். 1961 வரை அந்தச் சுரப்பி எதற்கு என்றே சரியாகத் தெரியாது. லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளம் மருத்துவர் பிறந்த உடனேயே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். அவை தொற்றுகளைத் தாங்க முடியாமல் இளைத்துச் செத்தன. அதன் பிறகுதான் இது உடம்பின் காவலுக்கே அடிப்படை என்று தெரிந்தது. சோகம் என்னவென்றால் இந்தச் சுரப்பி குழந்தைப் பருவத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. நடுத்தர வயதுக்குள் அதன் இடத்தில் பெரும்பாலும் கொழுப்புதான் இருக்கும். புது விதைநெல் வராத வீட்டில் வருஷா வருஷம் பழைய நெல்லிலிருந்தே விதைக்கு எடுத்து வைப்பதுபோல, முதிய உடம்பு ஏற்கெனவே உள்ள டி செல்களைப் பிரித்துப் பெருக்கித்தான் எண்ணிக்கையை நிறுத்துகிறது. எண்ணிக்கை நிற்கும், வகை குறைந்துகொண்டே போகும்.

1999 கோடையில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இதன் விளைவு கண்ணெதிரே தெரிந்தது. கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் அமெரிக்கக் கண்டத்தில் கால் வைத்தது அப்போதுதான். அங்கே யாருக்கும், பேரனுக்கும் தாத்தாவுக்கும், அதைப் பற்றிய நினைவு உடம்பில் கிடையாது. கொசு வயது பார்த்துக் கடிக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது இளையவர்களுக்கும் தொற்றியிருந்தது. ஆனால் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அந்த ஆண்டு கடுமையாக நோயுற்ற 62 பேரில் 7 பேர் இறந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியிலும் இதே பாடம் உண்டு. வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் அது. அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களின் உடம்பு மெதுவாகத்தான் விழித்துக்கொள்கிறது. அபூர்வமாக அந்த ஊசி வைரஸே அவர்களுக்கு ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது.

இதுவரை சொன்னவை வந்துவிட்டுப் போகும் வைரஸ்கள். போகாமலே தங்கிவிடுபவை வேறு. அவற்றை நான் பாடப்புத்தகத்தில் படித்ததைவிட அக்கி கண்டவர்களிடம் கற்றதுதான் அதிகம்.

எங்கள் பக்கம் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்வது இன்னும் நடக்கிறது. காவிக்கல்லை உரசிக் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றி வரைந்து விடுவார்கள். அந்தக் காவி காய்ந்து, விலாவில் பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்க, சேலையை அதில் படாமல் தூக்கிப் பிடித்தபடி ஒரு பாட்டி வந்தார். "நேத்துத்தான் எழுதிட்டு வந்தேன் தாயி, அழிச்சிராதீங்க" என்றார் முதலில். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சுத்தி வந்து தலையும் வாலும் சேந்துட்டா ஆள் தங்காதாமே?" சேராது என்று சொன்னேன். காவியை ஈரப்பஞ்சால் ஓர் ஓரத்தில் மட்டும் விலக்கிப் பார்த்தேன். முதுகெலும்பருகே தொடங்கிய கொப்புளங்கள் விலாவைச் சுற்றி வந்து, மார்பின் நடுக்கோட்டில் கத்தியால் வெட்டியதுபோல நின்றிருந்தன. ஒரு முதுகுத்தண்டு நரம்பு தோலில் பரவும் எல்லை அது. மறுபக்கத்துக்கு வேறு நரம்பு. எழுதியதை அழி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதிவிட்டு நான்கு நாள் காத்திருக்காதே, அன்றைக்கே வா என்றுதான் சொல்வேன். ஏனென்றால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்கினால்தான் பலன் அதிகம். பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் அந்த நரம்பு வலியைப் பார்த்தவர்களுக்கு அவசரம் புரியும்.

அந்தப் பாட்டியிடம் நான் கேட்டது, சின்ன வயசில் அம்மை போட்டதா என்று. ஏழெட்டு வயதில் போட்டதாம். வேப்பிலையில் படுக்க வைத்ததும் மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் நினைவிருந்தது. அந்தச் சின்னம்மை வைரஸ்தான் அன்றிலிருந்து அவர் முதுகுத்தண்டின் பக்கத்து நரம்பு முடிச்சுகளில் இருந்து வந்திருக்கிறது. அவர் சமைந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேரன் எடுக்கும் வரை.

இதைக் கண்டுபிடித்ததில் பெரும் பங்கு இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிறு ஊரின் பொதுமருத்துவர் எட்கர் ஹோப்-சிம்ப்சனுக்கு உண்டு. அக்கிக்கும் சின்னம்மைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று புடாபெஸ்டின் குழந்தை மருத்துவர் போகாய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே சொல்லியிருந்தார். வீட்டில் பெரியவருக்கு அக்கி வந்த சில நாளில் குழந்தைக்குச் சின்னம்மை வருவதை அவர் கவனித்திருந்தார். ஆனால் அக்கி வெளியிலிருந்து தொற்றுகிறதா, உள்ளிருந்து கிளம்புகிறதா? ஹோப்-சிம்ப்சன் தன் நோயாளிகள் ஏறத்தாழ 3,500 பேரை 1947இலிருந்து பதினாறு ஆண்டுகள் கவனித்தார். 192 அக்கி. ஒவ்வொருவர் வயது, எந்தப் பக்கம், ஊரில் அப்போது சின்னம்மை இருந்ததா, எல்லாம் குறித்தார். ஷெட்லாந்தின் யெல் தீவுக்கும் போய் விசாரித்தார். சின்னம்மை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும் அந்த இடத்தில் யார் யாரிடமிருந்து பெற்றார் என்பது மறைக்க முடியாத சங்கதி. பானும் ஃபாரோவில் செய்ததையேதான் அவரும் செய்தார் என்று எனக்குத் தோன்றும். கிளினிக் நடத்திக்கொண்டே ஒருவர் இதைச் செய்தார் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை.

1965இல் அவர் வெளியிட்ட முடிவு இது. ஒவ்வொரு ஆண்டும் ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு அக்கி வருகிறது. வயதோடு அது ஏறி, எண்பதுகளில் ஆயிரத்துக்குப் பத்தளவில் போகிறது. சின்னம்மை ஊரில் பரவும் பருவத்துக்கும் அக்கிக்கும் சம்பந்தமில்லை. ஆகவே வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கியிருக்கிறது, அவ்வப்போது கிளம்பப் பார்க்கிறது, உடம்பு அமுக்கிவிடுகிறது, அமுக்கும் பலம் ஒரு கட்டத்துக்குக் கீழே போகும்போது தோலுக்கு வந்துவிடுகிறது. அவர் அந்த வைரஸை நரம்பில் கண்ணால் பார்த்ததில்லை. அதன் மரபுப்பொருளை மனித நரம்பு முடிச்சுகளில் 1980களில்தான் எடுத்துக் காட்டினார்கள். 

அவருடைய இன்னொரு யோசனை எனக்கு இன்னும் பிடிக்கும். சின்னம்மை கண்ட பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களுக்கு அந்தப் பலம் புதுப்பிக்கப்படுகிறது என்றார். பின்னால் வந்த ஆய்வுகளில் குழந்தைகளோடு வாழ்பவர்களுக்கு அக்கி குறைவாக இருந்ததும் தெரிந்தது. பேரப்பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட எங்கள் ஊர்த் தெருக்களில், வயதானவர்களுக்கு இந்தப் புதுப்பிப்பு யாரால் நடக்கும்?

அக்கியாவது வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொள்கிறது. அக்கி வைரஸின் குடும்பத்தையே சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸ் பெரும்பாலானவர்களிடம் வாழ்நாள் முழுக்க ஒரு அறிகுறியும் காட்டாது. நம் நாட்டில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் சிறு வயதிலேயே தொற்றிவிடுகிறது. ஆனால் அதை அமுக்கி வைக்க உடம்பு கொடுக்கும் விலை பெரியது. இந்தத் தொற்று உள்ளவர்களின் ரத்தத்திலிருக்கும் நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வைரஸுக்கு என்று ஒதுங்கிவிடுகிறது. வயதாக ஆக அது சிலரிடம் இன்னும் வீங்குகிறது.

1989இல் ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரில் எண்பத்தைந்து வயதைக் கடந்த முதியவர்களிடம் ரத்தம் எடுத்துத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வொன்று தொடங்கியது. அவர்களில் ஒரு சிலருக்கு இரண்டு வகை டி செல்களின் விகிதம் தலைகீழாக இருந்தது: வழிநடத்தும் வகை குறைவு, கொல்லும் வகை அதிகம். அடுத்த இரண்டு ஆண்டில் இறப்பு அவர்களிடம்தான் அதிகம். ஆய்வை நடத்திய ஆண்டர்ஸ் விக்பியின் குழு காரணம் தேடியபோது அந்தக் கூட்டத்தின் பின்னால் சைட்டோமெகலோ வைரஸ் நின்றது. 

இங்கே நின்று, அந்த வைரஸ்தான் முதியவர்களைப் புதிய நோய்க்குப் பலிகொடுக்கிறது என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். விஷயம் அவ்வளவு நேரானதில்லை. வேறு நாடுகளின் ஆய்வுகள் எல்லாம் ஸ்வீடனை அப்படியே உறுதிசெய்யவில்லை. 2007இல் செயின்ட் லூயிஸில் எலிகளுக்கு இதே குடும்ப வைரஸ்களை நிரந்தரமாகத் தொற்றவைத்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் லிஸ்டீரியா, பிளேக் பாக்டீரியா இரண்டையும் மற்ற எலிகளைவிட நன்றாகத் தாங்கின. 2015இல் ஸ்டான்ஃபோர்டில், சைட்டோமெகலோ வைரஸ் உள்ள இளைஞர்கள் இன்ஃபுளுயன்சா தடுப்பூசிக்கு மற்றவர்களைவிட நல்ல பதில் கொடுத்தார்கள். முதியவர்களிடம் அந்த நன்மை தெரியவில்லை. வேறு எலி ஆய்வுகளில், நெடுங்காலம் இந்த வைரஸோடு மூப்படைந்த எலிகள் வெஸ்ட் நைலுக்கு மந்தமாகத்தான் பதில் கொடுத்தன. ஆகவே இளமையில் அந்த வைரஸ் உடம்பை உஷாராக வைத்திருக்கலாம், முதுமையில் இருக்கும் கொஞ்சத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம் என்பது என் புரிதல். ஸ்வீடனில் தொற்று இல்லாத முதியவரையும் தொற்றுள்ளவரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. இங்கே ஒப்பிடத் தொற்றாதவர்களே கிடைக்க மாட்டார்கள். அதனால் அவர்களுடைய முடிவை நம் கிழவிகள்மேல் அப்படியே ஏற்றி வைப்பதை நான் ஒப்புவதில்லை. நம் ஊரில் இதற்கென்று தனியாக, பொறுமையாக, வருஷக்கணக்கில் ரத்தம் பார்க்கிற ஆய்வு வேண்டும்.

ஆனாலும், முதிய உடம்பு எழுப்பினால் எழும் என்பதற்கு ஆதாரம் அக்கித் தடுப்பூசியிலேயே இருக்கிறது. அறுபது வயதுக்கு மேற்பட்ட 38,546 அமெரிக்கர்களிடம் சோதித்து 2005இல் முடிவு வெளியான முதல் தடுப்பூசி, வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். அக்கியைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் எழுபதைத் தாண்டியவர்களிடம் பலன் முப்பத்தெட்டு சதவீதமாகச் சரிந்தது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவு. அடுத்த தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதன் ஒரு புரதம் மட்டும். கூடவே உடம்பை உரக்கக் கூப்பிட ஒரு துணைப்பொருள். சிலி நாட்டுச் சோப்புப்பட்டை மரத்திலிருந்து எடுக்கும் ஒரு சாறு அதில் முக்கியம். 2015இல் வெளியான முடிவில் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு 97 சதவீதம் பாதுகாப்பு. அடுத்த சோதனையில் எழுபதைக் கடந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட 90. அதே துணைப்பொருளைச் சேர்த்துத்தான் 2023இல் முதியவர்களின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கும் தடுப்பூசி வந்தது. கொரோனாவுக்கு வந்த எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளும் 65 வயதைக் கடந்தவர்களிடம் சோதனையில் இளையவர்களுக்கு ஏறத்தாழச் சமமாக வேலை செய்தன. அந்த வைரஸ் அவர்களுக்குப் புத்தம் புதியது. தைமஸ் சுருங்கிப் பல பத்தாண்டு ஆகியிருந்தும், மிச்சமிருந்த செல்கள் கூப்பிட்ட குரலுக்கு வந்தன.

அக்கியின் இரண்டாவது தடுப்பூசி 2023இலிருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு தவணை போட வேண்டும். 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்த மாத முதியோர் உதவித்தொகையில் வாழ்பவருக்கு ஒரு தவணையின் விலையே பல மாத வருமானம். நம் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியல் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்று வளர்ந்தது. அந்தக் காலத்துக்கு அது சரி. தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு பட்டியல் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்ஃபுளுயன்சா ஊசியிலிருந்தாவது தொடங்க வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கு மனு எழுதியிருக்கிறேன். என்னோடு எங்கள் வட்டாரத்துப் பொதுமருத்துவர்கள் சிலரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். காவி எழுதிக்கொண்டு வந்த அந்தப் பாட்டியின் அக்கி மூன்று வாரத்தில் காய்ந்தது. தன் எழுபத்தேழு வயது கணவருக்கும் ஊசி போடலாமா என்று கேட்டார், விலையைச் சொன்னேன், அடுத்த அறுவடைக்குப் பிறகு பார்ப்போம் என்றார்.